முன்னாள் படைவீரர் சங்கத்துக்குப் புது ஆட்கள்: கேன்டீன் வாசலா, கொடியேற்றமா, வாட்ஸ்அப்பா, உதவி மேசையா?

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் முன்னாள் படைவீரர்களுக்குப் பஞ்சமே கிடையாது. கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போன ஊரெல்லாம் இங்கேதான் இருக்கிறது. சங்கங்களுக்கும் குறைவில்லை, ஒரே தாலுகாவில் இரண்டு மூன்று கூட இருக்கும். ஆனால் பொதுக்குழுவில் போய் உட்கார்ந்து பாருங்கள், முன்வரிசை முழுக்க 1971 போரைப் பார்த்தவர்கள், எழுபது வயதைத் தாண்டியவர்கள். போன வருடம் டிஸ்சார்ஜ் ஆகி வந்த முப்பத்தெட்டு, நாற்பது வயதுக்காரர் அங்கே இல்லை. அவர் ஊரில்தான் இருக்கிறார், ஏதோ ஒரு வங்கி வாசலிலோ கம்பெனி கேட்டிலோ செக்யூரிட்டியாக நிற்கிறார், பிள்ளைகள் படிக்கிறார்கள், வீட்டுக்கடன் ஓடுகிறது.

அவரை எப்படிக் கூட்டிக்கொண்டு வருவது என்பதில் ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு வழி பிடித்திருக்கிறது. இந்த வழிகள் எல்லாவற்றிலும் நின்று வேலை பார்த்தவன் என்ற முறையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். எத்தனை படிவம் நிரம்பியது என்பதை நான் கணக்கில் எடுக்கப்போவதில்லை. கையெழுத்துப் போட்டவர் அடுத்த வருடம் சங்கத்தில் ஏதாவது ஒரு வேலையை எடுத்துச் செய்கிறாரா, அது மட்டும்தான் என் அளவுகோல்.

கேன்டீன் வாசலும் இசிஎச்எஸ் கூடமும்

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது மிலிட்டரி கேன்டீன். வராத ஆளே கிடையாது, இளையவர் முதியவர் எல்லோரும் மாதம் ஒருமுறையாவது ஸ்மார்ட் கார்டை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். அனுமதி வாங்கி ஒரு மேசை போட்டால் ஒரே காலையில் கட்டுக்கட்டாகப் படிவம் கொடுத்துவிடலாம். ஆனால் வரிசையில் நிற்பவரின் கவனம் முழுக்கத் தனக்கு முன்னால் எத்தனை பேர், கேட்ட சாமான் இன்றைக்கு ஸ்டாக்கில் இருக்கிறதா என்பதில்தான் இருக்கும். படிவத்தை வாங்குவார், நாலாக மடிப்பார், சட்டைப்பையில் வைப்பார், "பார்த்துட்டு சொல்றேன் சார்" என்பார். அவ்வளவுதான். அங்கேயே நிரப்பிக் கொடுத்தவர்களும் நம்மை அனுப்பிவைக்கத்தான் நிரப்பினார்கள் என்பது பிறகு போன் செய்யும்போது தெரியும்.

இசிஎச்எஸ் பாலிகிளினிக் வேறு மாதிரி. 2003-இல் இந்த மருத்துவத் திட்டம் வந்ததிலிருந்து நம் ஆட்கள் ஒரே இடத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பது அங்கேதான். டோக்கன் போட்டு, டாக்டரைப் பார்த்து, வெளி மருத்துவமனைக்கு ரெஃபரல் வாங்கி, மருந்து வாங்கி முடிப்பதற்குள் அரை நாள் போய்விடும். அந்த நேரத்தில் பேசலாம், பேசியதைக் காதில் வாங்கவும் செய்வார்கள். குறை ஒன்றுதான்: அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்களும் அவர்கள் மனைவிமாரும். நாற்பது வயதுக்காரருக்கு இன்னும் சர்க்கரை வரவில்லை, அவர் அங்கே வருவதே அபூர்வம். ஆக, கேன்டீனில் நமக்கு வேண்டிய ஆள் இருக்கிறார், அவருக்கு நேரம் இல்லை. கிளினிக்கில் நேரம் இருக்கிறது, அந்த ஆள் இல்லை. இரண்டில் ஒன்று என்றால் நான் கிளினிக்கைத்தான் சொல்வேன். அங்கே பேசிவிட்டுப் போன பெரியவர் வீட்டில் மருமகனோ தம்பி மகனோ பட்டாளத்திலிருந்து வந்தவராக இருப்பது இந்தப் பக்கத்தில் சகஜம்.

கொடியேற்றமும் விழாவும்

ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினம், ஜூலை 26 கார்கில் வெற்றி தினம், டிசம்பர் 7 கொடி நாள், டிசம்பர் 16 வங்கதேசப் போர் வெற்றி நாள். இந்த நாட்களைக் கொண்டாடவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். மார்பில் மெடல் குத்திக்கொண்டு பெரியவர்கள் வந்து நிற்பதைப் பள்ளிப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். ஆனால் ஆள் சேர்க்கும் வழியாக இதைப் பார்த்தால் செலவு அதிகம், பலன் குறைவு. பந்தல், மைக் செட், பொன்னாடை, சாப்பாடு என்று சங்கத்தின் வருட வரவில் பெரும்பங்கு ஒரே நாளில் போய்விடும். வருவதும் போன வருடம் வந்த அதே முகங்கள்தான்.

ஒரு பயன் இருக்கிறது, அதைப் பெரும்பாலான சங்கங்கள் தவறவிடுகின்றன. லீவில் ஊருக்கு வந்திருக்கும் ஜவான்கள் இந்த விழாக்களுக்கு எட்டிப் பார்ப்பார்கள். பணியில் இருப்பவர் இப்படிப்பட்ட சங்கங்களில் சேர ராணுவச் சட்டத்தில் கட்டுப்பாடு உண்டு, அதனால் அவரிடம் படிவத்தை நீட்டாதீர்கள். "தம்பி, எப்போ பென்ஷன் வரீங்க?" என்று கேட்டு, வருவதற்கு முன்னால் மனைவி பெயர், பிறந்த தேதி, பிள்ளைகள் விவரம் எல்லாம் பார்ட் டூ ஆர்டரில் (சர்வீஸ், குடும்ப விவரங்களை யூனிட் பதிவு செய்யும் ஆணை) சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். யூனிட்டில் இருக்கும்போது எளிதாக முடிகிற வேலை, வெளியே வந்த பிறகு சர்வீஸ் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்குக் கடிதம் போட்டுக் காத்திருக்கிற வேலையாகிவிடும். இதைச் சொன்ன ஆளை அவர் மறக்கமாட்டார்.

வாட்ஸ்அப் குழுவும் ரெஜிமென்ட் பழக்கமும்

வாட்ஸ்அப் குழுவுக்குச் செலவே இல்லை. சேர்ப்பதும் ஒரு விரல் வேலை. காலை வணக்கம், தேசியக் கொடி, யாரோ அனுப்பிய பழைய சுற்றறிக்கை, அப்புறம் அரசியல், அப்புறம் சண்டை, நாலு பேர் வெளியேறுவார்கள். ஓஆர்ஓபி (ஒரே ரேங்க், ஒரே பென்ஷன்) திருத்தம் வரும்போது மட்டும் குழு உயிரோடு இருக்கும். 2014 ஜூலை 1 முதல் கணக்கிட்டு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பென்ஷனைத் திருத்துவது என்ற ஏற்பாடு அது. 2019, 2024 இரண்டு முறையும் "என் ரேங்க், என் சர்வீசுக்கு எவ்வளவு வரும்" என்ற கேள்விதான் எல்லாக் குழுக்களிலும். பதில் கிடைத்ததும் மறுபடி காலை வணக்கம்.

இதோடு ஒப்பிட்டால் ரெஜிமென்ட் பழக்கம் எவ்வளவோ மேல். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர் என்றால் வெலிங்டனில் ஒன்றாகப் பயிற்சி எடுத்தவர் கூப்பிட்டால் போனை எடுக்காமல் இருக்கமாட்டார். பெங்களூர் மெட்ராஸ் சாப்பர்ஸ் (ராணுவப் பொறியாளர் பிரிவு) ஆட்கள் தங்களைத் தம்பிகள் என்றே சொல்லிக்கொள்கிறவர்கள், ரெய்சிங் டே (படைப்பிரிவு தொடங்கிய நாள்) என்றால் குடும்பத்தோடு கிளம்பி வருவார்கள். சிக்கல், இந்தப் பாசத்துக்கு மாவட்ட எல்லை கிடையாது. ஒரே பேட்ச்சில் ஒருவர் குடியாத்தம், ஒருவர் தென்காசி, இன்னொருவர் கொல்லம். தாலுகா அளவில் வேலை செய்யும் சங்கத்துக்கு அது அப்படியே உதவாது. ஆளைத் தேடிப் பிடிக்கவும், முதல் போனை யார் செய்வது என்று முடிவு செய்யவும் உதவும்.

அந்த முதல் போனிலும் ஒரு கவனம் வேண்டும். ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் போன் செய்து "சங்கத்தில் சேர்ந்துடுங்க" என்றால் அவருக்குக் கீழ் ரேங்கான நாயக்காக இருந்தவர் "சரி சாப்" என்று உடனே சொல்வார். அது பழைய மரியாதை. விருப்பம் என்று எடுத்துக்கொண்டு பெயரை எழுதிவிட்டால், கூட்டத்துக்கு ஒரு நாளும் வரமாட்டார். அதே நாயக்கை அவரோடு பாரக்ஸில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் கூப்பிட்டால் "அங்கே என்னடா இருக்கு?" என்று திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்வியிலிருந்துதான் பேச்சு நிஜமாகத் தொடங்கும். சம ரேங்க் ஆளை வைத்துப் பேசுங்கள்.

உதவி மேசை

என் ஓட்டு இதற்குத்தான். சனிக்கிழமை காலையில் சங்கக் கட்டிடத்திலோ யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையிலோ ஒரு லேப்டாப், ஒரு பிரின்டர், ஸ்கேனர், கைரேகைக் கருவி. இவ்வளவு போதும். ஒரு விழாச் செலவை மிச்சப்படுத்தினால் வாங்கிவிடலாம்.

பென்ஷன் வங்கியிலிருந்து ஸ்பர்ஷ் என்ற பாதுகாப்புத் துறையின் ஆன்லைன் முறைக்கு மாறிய பிறகு எத்தனை பேர் தவிக்கிறார்கள் என்பது மேசை போட்டு உட்கார்ந்தால்தான் தெரியும். மஞ்சள் பையில் பிபிஓ (பென்ஷன் உத்தரவு), டிஸ்சார்ஜ் புக், ஆதார், பழைய பாஸ்புக் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு ஒரு அம்மா வருவார். பிபிஓவில் பெயர் லட்சுமி, ஆதாரில் லட்சுமி அம்மாள், பிறந்த தேதி இரண்டிலும் வேறு. கணவர் பெயரும் அப்படித்தான்: நாம் இனிஷியல் போட்டு எழுதுவோம், பட்டாளத்துக் காகிதத்தில் அப்பா பெயரும் சேர்ந்து முழுப் பெயராக இருக்கும், வங்கியில் இன்னொரு மாதிரி. ஓடிபி போகிற எண்ணோ மகன் எப்போதோ மாற்றிவிட்ட பழைய எண்.

வாழ்நாள் சான்றும் அதே கதை. பலருக்கு நவம்பரில் கொடுக்க வேண்டியது, கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். ஜீவன் பிரமாண் செயலியில் பென்ஷன் வழங்கும் இடம் என்று கேட்கும் கட்டத்தில் ஸ்பர்ஷைத் தேர்ந்தெடுக்காமல் பழைய பழக்கத்தில் வங்கியைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். சான்று பதிவானது என்று குறுஞ்செய்தி வரும், ஆனால் போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்காது. இரண்டு மாதம் கழித்து பணம் வராதபோதுதான் தெரியும். இதைச் சரிசெய்ய ஐந்து நிமிடம். தெரியாதவருக்கு மாவட்டத் தலைநகருக்கு நாலு நடை.

"உதவி வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள், திரும்பிப் பார்ப்பதில்லை" என்று இந்த வழியை எதிர்ப்பவர்கள் சொல்வார்கள். உண்மைதான், அப்படியே விட்டால் போய்விடுவார்கள். வேலை முடிந்ததும் சந்தா ரசீதை நீட்டாமல், "அடுத்த சனிக்கிழமை ஒரு மணி நேரம் வந்து உட்கார முடியுமா, இதே மாதிரி இன்னும் பேர் வருவாங்க" என்று கேட்டுப் பாருங்கள். சங்கம் என்றால் வாராவாரம் ஒரு கூட்டம், ஒரு பேச்சு என்று நினைத்து ஒதுங்கியிருந்தவர் இதற்கு வருகிறார். முக்கியமாக, யூனிட்டில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர் யாராவது உங்கள் தாலுகாவில் இருப்பார், அவரை முதலில் தேடிப் பிடியுங்கள். வருடக்கணக்காக மற்றவர்களின் பார்ட் டூ ஆர்டரையும் பென்ஷன் காகிதத்தையும் போட்டவர் அவர். எந்தக் காகிதம் எந்த ரெக்கார்ட் ஆபீசுக்குப் போக வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். அப்படி ஒருவர் உட்கார்ந்துவிட்டால் மற்றவர்கள் தானாக வருவார்கள். குடும்ப பென்ஷனுக்காக அலைந்து வாங்கி முடித்த அம்மாக்களையும் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார வையுங்கள். இன்னொரு அம்மா வந்து அழும்போது என்ன சொல்ல வேண்டும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பல சங்கங்களில் அவர்களுக்கு ஓட்டுரிமை கூட இல்லாதது எனக்குக் கோபம் வரும் விஷயம்.

இளையவருக்கு பென்ஷன் சிக்கல் பெரும்பாலும் இருக்காது, தொழில்தான் கவலை. 2024 ஆகஸ்ட் 15 அன்று தமிழ்நாடு அரசு அறிவித்த முதல்வரின் காக்கும் கரங்கள் திட்டத்தில் முன்னாள் படைவீரர் தொழில் தொடங்க ஒரு கோடி வரை கடன், 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம் உண்டு. திட்ட அறிக்கை எழுதத் தெரியாமலே பலர் விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோவில் வேலைக்குப் பதிவது, முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை, இதையெல்லாம் மேசையில் சேர்த்துக்கொண்டால்தான் நாற்பது வயதுக்காரர் உள்ளே வருவார்.

இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். யாருடைய பாஸ்வேர்டையும் நோட்டில் எழுதி வைக்காதீர்கள், ஓடிபியை அவர் கையாலேயே போடச் சொல்லுங்கள். பிரின்ட் காசு தவிர ஒரு ரூபாய் வாங்காதீர்கள். ஏஜென்ட் வேலை பார்க்கிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் சங்கத்தின் பெயரை மீட்கவே முடியாது.

சந்தா

ஆயுள் சந்தாவில் மொத்தமாகப் பணம் வரும், ஆள் காணாமல் போவார். ஆண்டுச் சந்தாவில் துரத்திப் பிடிக்கும் வேலை அதிகம், ஆனால் அந்தச் சாக்கில் வருடம் ஒருமுறையாவது அவர் வீட்டு வாசலை மிதிப்போம். முதல் வருடம் இலவசம், அப்புறம் சிறிய ஆண்டுச் சந்தா என்பதுதான் சரி என்று நினைக்கிறேன்.

கடைசியாக, எந்த வழியைப் பிடித்தாலும் சங்க விதிகளை இப்போதே எடுத்துப் படியுங்கள். பல சங்கங்களில் உறுப்பினர் என்றால் பென்ஷன் வாங்கும் முன்னாள் படைவீரர் என்றுதான் இருக்கும். 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தின் முதல் அணி நாலு வருடம் முடித்து 2026 இறுதியிலிருந்து வெளியே வரும், அதில் அதிகபட்சம் கால்வாசிப் பேர்தான் தொடர முடியும். மற்றவர்களுக்கு பென்ஷனும் கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் கிடையாது. இருபதுகளிலேயே ஊர் திரும்பி, அடுத்து என்ன செய்வது என்று நிற்கும் அந்தப் பையன்களை இணை உறுப்பினராகவாவது சேர்க்க வேண்டும் என்றால் பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானம் போட்டு, சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவாளரிடம் திருத்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். வரும் பொதுக்குழுவிலேயே அஜெண்டாவில் சேருங்கள்.