புரோட்டோன், பெரோடுவா, தாய்லாந்து: ஆராய்ச்சி எங்கே வளர்ந்தது?

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள தஞ்சோங் மாலிமைச் சுற்றி இன்னும் செம்பனைதான். பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று அங்குள்ள, மலேசியாவின் முதல் தேசியக் கார் நிறுவனமான புரோட்டோனின் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறார்கள். பக்கத்து ஊரான பெஹ்ராங்கின் பாலிடெக்னிக்கில் பிள்ளை படிக்கும் வீடுகளில் ஒரே கேள்வி: "போல்ட் முடுக்க மட்டும்தானா, காரை வடிவமைக்கவும் விடுவார்களா?" அது பிள்ளையின் கெட்டிக்காரத்தனத்தை மட்டும் பொறுத்ததல்ல. அரசாங்கத்தின் தொழிற்கொள்கைக்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

புரோட்டோனுக்குக் கிடைத்தது முழுப் பாதுகாப்பு. 1983-ல் பிரதமர் மகாதீர் காலத்தில் அந்த நிறுவனம் தொடங்கியது. இறக்குமதிக் கார்களுக்குக் கடும் வரி. 1985-ல் வந்த அதன் முதல் கார் சாகா, ஜப்பானின் மிட்சுபிஷி காரை ஒட்டியதுதான். ஆனால் 1996-ல் பிரிட்டிஷ் கார் நிறுவனமான லோட்டஸ் புரோட்டோனின் கைக்கு வந்தது, 2000-ல் சொந்த வடிவமைப்பில் வாஜா, 2004-ல் தஞ்சோங் மாலிம் ஆலையின் முதல் காரான ஜென்-2. அதற்குள் இருந்தது லோட்டஸுடன் சேர்ந்து உருவாக்கிய காம்ப்ரோ எஞ்சின். எஞ்சின் நடுத்தர வேகத்தில் சுழலும்போது அதன் இழுவை தளர்கிறது என்று ஓட்டுநர்கள் குறைப்பட்டார்கள். பிறகு காற்று உள்ளே போகும் குழாயின் நீளத்தையும் வால்வு திறக்கும் விதத்தையும் வேகத்துக்கேற்ப மாற்றும் எஞ்சின் வந்தது. சொந்த எஞ்சின் இருந்ததால்தான் அந்தக் குறையைத் தேடிப் பிடித்துத் திருத்தும் வேலையும் நமக்கு வந்தது. இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கோளாறு வேறிடத்தில். பாதுகாப்புக்குக் கறாரான கெடு இல்லை. கொரியாவைப் போல ஏற்றுமதி செய்தே ஆகவேண்டும் என்ற நெருக்கடியும் இல்லை. உள்நாட்டுச் சந்தையோ சிறியது. எஞ்சின் ஆராய்ச்சிக்குக் கொட்டிய பணத்தை எத்தனை கார்களில் எடுக்க முடியும்?

மலேசியாவின் இரண்டாவது தேசியக் கார் நிறுவனமான பெரோடுவா அடக்கமான வழியில் போனது. 1993-ல் ஜப்பானின் டைஹாட்சுவுடன் கூட்டு, அடுத்த ஆண்டு காஞ்சில் என்ற சிறிய கார். எஞ்சினும் அடித்தளமும் ஜப்பானிலிருந்து வந்தன. ஆனால் 2006 முதல் மலேசிய விற்பனையில் முதலிடம், அதனால் உதிரிபாக நிறுவனங்களுக்கு நிலையான ஆர்டர். 2016-ல் பெஸ்ஸா, 2017-ல் புதிய மைவி என்று மேலுடல் வடிவமைப்பு பெரோடுவாவின் தலைமையகம் இருக்கும் ரவாங் பக்கம் வந்து சேர்ந்தது. மெதுவான வளர்ச்சி, ஆனால் உறுதியானது.

தாய்லாந்துக்குத் தேசியக் கார் கிடையாது. உள்ளூர்ப் பாகங்கள் கட்டாயம் என்ற விதியையும் 2000-ல் எடுத்துவிட்டது. பிக்கப் உற்பத்தி பெருகியது, ஜப்பானிய நிறுவனங்கள் தொழில்நுட்ப மையங்களும் திறந்தன. வேலை ஏராளம். ஆனால் எதை உருவாக்குவது என்ற முடிவு பெரும்பாலும் ஜப்பானில்தான்.

என் ஓட்டு புரோட்டோன் வழிக்குத்தான், ஆனால் கெடுவோடு. 2017-ல் சீனாவின் ஜீலி நிறுவனம் புரோட்டோனின் 49.9 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. 2018-ல் புரோட்டோனின் எக்ஸ்70 சீனாவிலிருந்து முழுக் காராகவே வந்தது. இங்கே பொருத்துவது அப்புறம்தான் தொடங்கியது. இப்போது மின்சாரக் கார் ஆலையும் தஞ்சோங் மாலிமில்தான். சரி, அரசாங்கம் வரிச்சலுகை தரட்டும். கூடவே, பேட்டரிக் கட்டுப்பாட்டு மென்பொருளையும் மோட்டார் சோதனையையும் எந்த ஆண்டுக்குள் மலேசியப் பொறியாளர்கள் கையில் கொடுப்பீர்கள் என்று எழுதி வாங்கட்டும். பெஹ்ராங் மாணவர்களின் தொழிற்பயிற்சியையும் அந்தச் சோதனைக்கூடத்திலேயே கட்டாயமாக்கட்டும்.