கடலடி வீடியோ விளக்கு வாங்க இருப்பவர்கள் கவனத்திற்கு: என் இரண்டு மாதச் சம்பளம் போன கதை

இரண்டு மாதச் சம்பளத்தைக் கொட்டி வாங்கிய ஒரு ஜோடி வீடியோ விளக்குகளில் ஒன்று முதல் டைவிலேயே தண்ணீர் புகுந்து கெட்டுப்போனது. மற்றொன்றோ, பெட்டியில் அச்சிட்டிருந்த வெளிச்சத்தில் பாதியைக்கூடத் தரவில்லை. விற்றவர் கைவிரித்துவிட்டார், விற்க இடம் கொடுத்த இணைய விற்பனைத் தளமும் கைகழுவிவிட்டது. ஆத்திரம் அடங்கும் முன்பே இதை எழுதுகிறேன், ஏனென்றால் அதே விளக்கு அதே விவரங்களோடு இந்த நிமிடமும் விற்பனையில் இருக்கிறது.

இவ்வளவு செலவழித்து ஏன் விளக்கு வாங்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். தண்ணீர் ஒளியின் சிவப்பைத்தான் முதலில் விழுங்குகிறது. 10 மீட்டர் ஆழத்தைத் தாண்டினால் சிவப்பு ஏறக்குறைய இல்லாமலே போய், செக்கச்செவேலென்ற பவளமும் சாம்பல் பூத்துத் தெரியும். ஒளியிலேயே இல்லாத நிறத்தைக் கேமராவின் எந்த அமைப்பாலும் மீட்க முடியாது என்பதால், நிறம் வேண்டுமென்றால் வெளிச்சத்தை நாமே கொண்டுபோக வேண்டும். அதற்கும் சாதாரண டைவ் டார்ச் உதவாது. பாறை இடுக்கைத் துழாவவும் உடன் வருபவருக்குச் சைகை காட்டவும் பயன்படும் அதன் ஒளிக்கற்றை குறுகியது. வீடியோவில் அது நடுவில் வெளுத்த வட்டமாக விழும். வீடியோவுக்கு வேண்டியது சட்டகம் முழுவதும் ஒரே சீராகப் பரவும் அகன்ற ஒளி, நிறங்களை உள்ளபடி காட்டும் உயர்ந்த சிஆர்ஐ மதிப்பு, பகல் வெளிச்சத்தை ஒத்த, ஏறத்தாழ 5,000 முதல் 5,600 கெல்வின் வரையிலான நிறவெப்பநிலை (ஒளி மஞ்சளா வெள்ளையா என்பதைக் குறிக்கும் அளவு).

இவற்றை எல்லாம் அந்த விற்பனையாளரிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் பொறுமையாகக் கேட்டார். நான் சொல்லி முடிக்கும் முன்பே சிஆர்ஐ பற்றி அவரே பேசினார், என் கேமரா என்ன, எந்த ஆழத்தில் படம் எடுப்பேன் என்றெல்லாம் விசாரித்தார், கண்ணாடித் தொட்டிக்குள் விளக்கு எரியும் வீடியோ ஒன்றையும் அனுப்பினார். "அண்ணா, நானும் டைவர்தான். நான் கடலுக்குள் கொண்டுபோவதும் இதே விளக்கைத்தான், கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்" என்றார். ஆபத்தென்றால் தன் மூச்சுக்காற்றையே பகிர்ந்துகொள்ளும் பழக்கம் டைவர்களுக்கு உண்டு. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் இரண்டு மாதச் சம்பளத்தை அன்றிரவே அனுப்பினேன்.

முதல் டைவில், 18 மீட்டர் ஆழத்தில், இடப்பக்க விளக்கின் கண்ணாடிக்குப் பின்னால் மெல்லிய நீர்க்கோடு ஒன்று ஏறியது. பின்மூடியிலிருந்து குமிழிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின, வெளிச்சம் இரண்டு முறை துடித்து அணைந்தது. அதன் உடம்பில் '100 மீட்டர்' என்று பொறித்திருந்தது! மேலே வந்து மூடியைக் கழற்றினால் தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் உள்ளே ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அமரும் பள்ளத்திலோ, கடைசல் இயந்திரம் விட்ட கீறல் ஒன்று குறுக்கே நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு ஓடியிருந்தது. எவ்வளவு கிரீஸ் தடவினாலும் அந்த வழியில் தண்ணீர் வந்தே தீரும்.

பேட்டரியின் மேலுறையில் அதன் கொள்ளளவு 9,900 எம்ஏஎச் என்று போட்டிருந்தது. இதில் இருந்ததுபோன்ற, 18650 எனப்படும் உருளை அளவுள்ள நல்ல பேட்டரிகள் 3,500-ஐ ஒட்டியே நிற்கும், 9,900 என்பது அப்பட்டமான பொய். பெட்டியில் போட்டிருந்த 12,000 லூமன் (வெளிச்சத்தின் அளவு), இரண்டு மணி நேரம் எரியும் என்பதும் அதே வகைதான். வாட்டுக்கு 150 லூமன் தரும் தரமான எல்இடியாக இருந்தாலும் 12,000 லூமனுக்கு 80 வாட் வேண்டும். ஒரு 18650 பேட்டரியில் சேமிக்க முடிவதோ சுமார் 12 வாட்-மணி மின்சாரம், அதாவது பத்து நிமிடம்கூடத் தாங்காது. பெட்டியில் இருந்த 120 பாகை ஒளிவிரிவு என்பதும் காற்றில் அளந்தது, தட்டையான கண்ணாடி வழியாகத் தண்ணீருக்குள் போனால் ஒளி விலகி ஏறத்தாழ 80 பாகையாகச் சுருங்கிவிடும்.

பிறகுதான் அலைக்கழிப்பு தொடங்கியது. ஓ-ரிங்கில் மணல் இருந்திருக்கும், நீங்கள் சரியாக மூடவில்லை என்றார் விற்பனையாளர். கீறலைப் படமெடுத்து அனுப்பினேன். படம் தெளிவாக இல்லை, வீடியோ வேண்டும் என்றார். வீடியோ அனுப்பினேன், தொழில்நுட்பப் பிரிவு பார்க்கும் என்றார். இப்படி இழுத்தடித்தே பொருளைத் திருப்பி அனுப்புவதற்கான காலத்தைக் கடத்திவிட்டு, கடைசியில் ஒரு கடிதம் அனுப்பினார்கள்: "மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு, தண்ணீரால் ஏற்பட்ட சேதத்திற்கு வாரண்டி பொருந்தாது." கடலுக்குள் கொண்டுபோவதற்கென்றே விற்ற விளக்குக்குத் தண்ணீர்ச் சேதத்தில் பொறுப்பில்லையாம்! பணம் வாங்கும்வரை 'அண்ணா' என்றழைத்த வாய் அது. தளத்தைக் கேட்டால் விற்பனையாளரை அணுகுங்கள் என்கிறார்கள், விற்பனையாளரைக் கேட்டால் தளத்தை அணுகச் சொல்கிறார். நான் எழுதிய விமர்சனத்தையும் விதிமுறைக்கு முரணானது என்று நீக்கிவிட்டார்கள். இரண்டு மாதச் சம்பளம், அதற்குக் கிடைத்த பதில் இவ்வளவுதான்.

விளக்கு தேர்ந்தெடுப்பதைப் பற்றி விரிவாக எழுத நினைத்திருந்தேன், இப்போதைக்கு அவசியமானதை மட்டும் சொல்கிறேன். பெரிய லூமன் எண்ணைப் பார்த்து மயங்காமல் பேட்டரியின் வாட்-மணியைக் கேட்டுக் கணக்குப் போடுங்கள். ஒளிவிரிவு தண்ணீரில் அளந்ததா என்று எழுத்தில் கேளுங்கள். தண்ணீர் புகாது என்பதைக் குறிக்கும் ஐபி68 என்ற முத்திரையை மட்டும் நம்பாதீர்கள், அதற்கான சோதனை ஆழம் தயாரிப்பாளர் வகுப்பது. இரட்டை ஓ-ரிங் இல்லாத விளக்கைத் தொடவே வேண்டாம். தண்ணீர்ச் சேதத்தை வாரண்டி ஏற்கிறதா என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்குங்கள், விற்பனைப் பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள். முதல் டைவில் பேட்டரியைப் போடாமல், உள்ளே காகிதத் துண்டு ஒன்றை வைத்துக் கொண்டுபோய், காகிதம் நனைகிறதா என்று பாருங்கள். தண்ணீர் புகுந்த விளக்கைத் திறக்க நேர்ந்தால் மூடியை முகத்துக்கு நேரே பிடிக்காதீர்கள். உப்புநீர் பட்ட லித்தியம் பேட்டரி வாயுவைக் கக்கும், உள்ளே அழுத்தம் ஏறியிருந்தால் மூடி தெறித்துப் பாயும்.