டிரெயில்ல ரோட்டைக் கடக்க பாலமா, பட்டன் சிக்னலா?

வர்ஜீனியால பழைய ரயில் பாதைய நடக்கவும் சைக்கிளுக்கும் மாத்தின டபிள்யூ அண்ட் ஓடி டிரெயில் சுமார் 72 கிலோமீட்டர், நிழலா நல்லா தான் போகும், ஆனா நடுவுல பெரிய ரோடு குறுக்க வந்தா வயித்துல புளிய கரைக்கும். ஆர்லிங்டன்ல ரூட் 29 மேல 2021ல பாலமே போட்டுட்டாங்க. கால கீழ வைக்க வேணாம், கார்காரன் நம்மள பாத்தானான்னு அவன் மூஞ்சியவே பாத்துட்டு நிக்க வேணாம்.

ஆனா பாலம்னா சும்மா இல்ல. லாரி போக 5 மீட்டராச்சும் ஒசரம் வேணும், 20க்கு 1 சரிவுன்னு வச்சா ஒரு பக்கம் மட்டுமே 100 மீட்டர் ஏத்தம். இடம் இல்லேன்னு படிக்கட்டு வச்சு கட்டினா சைக்கிள தூக்கிட்டு யாரு ஏறுவா, எல்லாரும் கீழயே ஓடுவாங்க (நம்ம ஊர் நடை மேம்பாலம்லாம் பாக்கலையா).

இன்னொண்ணு அரிசோனா டூசான்ல மொதல்ல வந்த ஹாக் சிக்னல். ஆள் இல்லாதப்ப அணைஞ்சே கெடக்கும். பட்டன அமுக்கினா மஞ்சள் மினுக்கும், அப்புறம் நிலையா மஞ்சள், அப்புறம் ரெட்டை சிவப்பு, வண்டி நிக்கணும், நாம போலாம். கடைசில சிவப்பு மாத்தி மாத்தி மினுக்குறப்ப வண்டி நின்னு பாத்துட்டு, ஆள் இல்லேன்னா கெளம்பலாம், புதுசா பாக்குறவன் இங்க தான் முழிப்பான். அமெரிக்க நெடுஞ்சாலைத் துறை கணக்குல நடக்குறவங்க அடிபடுற விபத்து 55 சதவீதம் கொறையுதாம்.

என் ஓட்டு? ஆறு லேன், காசும் இடமும் இருக்குன்னா பாலம். நாலு லேனுக்கு ஹாக் போதும், ஆனா நடுவுல ஒரு திட்டு கண்டிப்பா வேணும், பின்னாடி குழந்தை வண்டி கட்டின சைக்கிள் முழுசா நிக்கிற அளவுக்கு.