வெண்ணெய்க்கு அளவுக்கப்பா, தராசா? நெடுநாள் பயன்பாட்டில் தெரிந்தவை

கேக், பிஸ்கட் குறிப்பில் ‘ஒரு கப் வெண்ணெய்’ என்று இருந்தால் தராசை எடுப்பதே நல்லது. ஐந்து கிலோ வரை நிறுக்கும், ஒவ்வொரு கிராமாகக் காட்டும் சாதாரண சமையலறைத் தராசு போதும். ஆனால் அதற்கு முன், குறிப்பு எந்த நாட்டுடையது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கப் சுமார் 237 மில்லி, அதில் வெண்ணெய் 227 கிராம். ஆஸ்திரேலியக் கப் 250 மில்லி, அதாவது ஏறக்குறைய 240 கிராம். மேசைக்கரண்டியில் வித்தியாசம் இன்னும் பெரிது: அமெரிக்காவில் 14 கிராம், ஆஸ்திரேலியாவில் கரண்டியே 20 மில்லி என்பதால் 19 கிராம். தேக்கரண்டி எங்கும் ஏறத்தாழ 5 கிராம்தான். இலங்கை கேக் குறிப்புகளில் வரும் இறாத்தல் எடைக் கணக்கு என்பதால் குழப்பமே இல்லை, 454 கிராம்.

அடிக்கடி நடக்கும் தவறு 100 கிராம் பாக்கெட்டில். அமெரிக்கக் குறிப்பில் ‘ஒரு ஸ்டிக்’ என்றால் 113 கிராம். பலர் ஒரு பாக்கெட்டைப் போட்டுவிடுகிறார்கள். ஒரு கப்புக்கு இரண்டு பாக்கெட் போட்டால் 27 கிராம், கிட்டத்தட்ட இரண்டு மேசைக்கரண்டி குறைகிறது. பிஸ்கட் மாவு உருட்டும்போதே ஓரம் வெடிப்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம். மாவில் பால் தெளித்துச் சமாளித்தால் மொறுமொறுப்பு போய்விடும். முக்கால் கப்பும் இரண்டு மேசைக்கரண்டியும் கேட்கும் குறிப்பு என்றால் கவலையில்லை: 170, 28 சேர்த்து 198 கிராம், இரண்டு பாக்கெட் சரியாக வரும்.

கப்பில் அடைப்பது ஏன் ஒத்துவருவதில்லை? ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த துண்டுகளுக்கு நடுவே இடைவெளி விழும். இளகிய வெண்ணெயிலும் கப்பின் அடி மூலையில் காற்று தங்கும். வழித்தெடுக்கும்போது சுவரில் ஒட்டியது அங்கேயே நின்றுவிடும். உருக்கி ஊற்றினால் வேறு சிக்கல்: நீரும் பால் கசடும் அடியில் தங்க, மேலே உள்ள கொழுப்பு மட்டும் கப்பில் விழும். எனவே உருக்க வேண்டியதாக இருந்தாலும் கட்டியாக நிறுத்த பிறகே அடுப்பில் வையுங்கள். சூடான பாத்திரத்தைத் தராசில் வைத்தால் எண் நிலைகொள்ளாமல் நகரும்.

மலிவான தராசுகளுக்கு இன்னொரு குறை உண்டு. ஐந்து கிராம் போன்ற சிறு அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் எண் நகராது. இதற்கு நல்ல வழி, வெண்ணெய்க் கட்டியைக் காகிதத்தோடு தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, கத்தியால் வெட்டி எடுப்பது. -14 என்று காட்டினால் ஒரு மேசைக்கரண்டி எடுத்தாயிற்று. கிண்ணமும் கரண்டியும் பிசுக்காகாது என்பது கூடுதல் லாபம்.

கடைந்தெடுத்த வீட்டு வெண்ணெயில் எடையை மட்டும் நம்ப முடியாது. கையால் அழுத்தினால் முத்து முத்தாகத் தண்ணீர் கசியும். அதுவும் சேர்ந்துதான் நிறுக்கிறது. முறுக்கு மாவுக்குப் பெரிதாகக் கெடுதல் இல்லை. பிஸ்கட்டுக்கு என்றால் நன்றாகப் பிழிந்துவிட்டு நிறுங்கள். கடை வெண்ணெயில் கொழுப்பு 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி. ஆகவே 100 கிராம் வெண்ணெய்க்குப் பதில் நெய் சேர்ப்பதானால் 80 கிராம் நெய்யும் ஒரு மேசைக்கரண்டி பாலும் கணக்கு. உப்பு போட்ட வெண்ணெய் என்றால் குறிப்பில் உள்ள உப்பைக் குறைக்க வேண்டும்.

தராசே இல்லையென்றால் மில்லி கோடு போட்ட ஜாடியில் குளிர்ந்த நீரை ஊற்றி வெண்ணெயை மிதக்க விடுங்கள். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை விலக்கும். நீர்மட்டம் 100 மில்லி ஏறினால் வெண்ணெய் 100 கிராம். விரலால் அமுக்கிவிடக் கூடாது, அமுக்கினால் காட்டுவது கன அளவு. கட்டி அடியைத் தொடாத அளவுக்கு நீர் ஆழமாக இருக்கட்டும். ஜாடிக் கோடுகள் 50 மில்லிக்கு ஒன்றாக இருந்தால் பத்து கிராம் முன்பின் ஆகும். கேக்குக்கு அது பரவாயில்லை, பிஸ்கட்டுக்குப் போதாது.