பெரிய சிமுலேஷன் மையமா, சொந்த லேபர் வார்டா, வாரம் ஐந்து நிமிடமா?

பிரசவத்தில் தலை வெளியே வந்துவிட்டது, தோள் மாட்டிக்கொண்டது. இனிக் கையில் இருப்பது சில நிமிடங்கள்தான். பதற்றத்தில் தலையைப் பிடித்து இழுத்தால் கழுத்துப் பக்கத்து நரம்புகள் சேதமாகி, குழந்தையின் கை வாழ்நாள் முழுக்க வேலை செய்யாமல் போகலாம். இழுக்காமல் நின்றால் மூச்சுத் திணறும். இதற்கு முறை உண்டு, பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் படித்த காலத்தில் ஒரு முறைகூட இதை நேரில் பார்க்காமலே வேலைக்கு வந்துவிடும் நர்ஸுகளும் டாக்டர்களும் நிறையப் பேர்.

எப்போதோ ஒரு முறை வரும், வந்தால் யோசிக்க நேரம் தராது. இப்படிப்பட்டவற்றுக்காகத்தான் சிமுலேஷன் பயிற்சி, அதாவது பொம்மையையோ ஒத்திகையையோ வைத்து நிஜம்போலப் பழகுவது. 2019இல் நடைமுறைக்கு வந்த எம்பிபிஎஸ் பாடத்திட்டம் இதைப் பழகும் கூடமான ஸ்கில் லேபைக் கட்டாயமாக்கியதால், அதற்கு எப்படிச் செலவழிப்பது என்ற கேள்வி நம் ஊர்க் கல்லூரிகளின் மேசைக்கும் வந்துவிட்டது. பணம் ஒதுக்கியதும் வழக்கமாக எழும் முதல் கேள்வி, "எந்தப் பொம்மை வாங்கலாம்?" என்னைக் கேட்டால் அது நான்காவதாக வர வேண்டிய கேள்வி. எங்கே பழகுவது, யாரோடு பழகுவது, எத்தனை நாளுக்கு ஒரு முறை பழகுவது என்ற மூன்றும் அதற்கு முன்னால் வர வேண்டும்.

இருக்கும் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்போம். உதாரணங்களைப் பெரும்பாலும் பிரசவ வார்டிலிருந்தே எடுக்கிறேன். பயிற்சியால் நோயாளிக்கு என்ன ஆனது என்று வருடக்கணக்கில் எண்ணிப் பார்த்த இடங்களில் அது முக்கியமானது.

பெரிய மையம்

மூச்சு விடும், கண் சிமிட்டும், நாடி துடிக்கும், மருந்து கொடுத்தால் ரத்த அழுத்தம் மாறும் முழு உடல் மேனிகின், அதாவது மனித உருவப் பொம்மை. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து அதை இயக்கும் ஆசிரியர். எல்லாவற்றையும் பதிவு செய்யும் கேமரா. 1980களின் பிற்பகுதியில் ஸ்டான்ஃபோர்டில் மயக்க மருத்துவர் டேவிட் காபாவும் அவர் குழுவும், விமானிகளுக்குத் தரும் பயிற்சியிலிருந்து யோசனை எடுத்து வளர்த்த பாணி இது. இதில் பெரிய நன்மை நிம்மதி. வார்டு மணி அடிக்காது, போன் வராது. தப்பு செய்யலாம், வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம், முடிந்ததும் உட்கார்ந்து பேசலாம். அந்தப் பேச்சில்தான் பாதிப் படிப்பு நடக்கிறது. பேச்சை நடத்தத் தெரிந்த ஆசிரியர் இல்லாத மையத்தில் இருப்பது விலை உயர்ந்த பொம்மை மட்டுமே.

பொம்மையின் தரம் எதற்குமே உதவாது என்று சொல்ல வரவில்லை. இங்கிலாந்தின் தென்மேற்கில் டாக்டர்களும் மிட்வைஃப்களும் (பிரசவம் பார்க்கும் செவிலியர்கள்) சேர்ந்து 140 பேரை வைத்து நடந்த ஆய்வில், தோள் மாட்டிக்கொண்ட குழந்தையைப் பொம்மையிலிருந்து வெளியே எடுக்க முடிந்தவர்கள் பயிற்சிக்கு முன் 43 சதவீதம், பின் 83 சதவீதம். கை எவ்வளவு விசையில் இழுக்கிறது என்று அளந்து காட்டும் பொம்மையில் பழகியவர்களில் 94 சதவீதம் பேருக்குக் கைகூடியது, சாதாரணப் பொம்மையில் பழகியவர்களில் 72 சதவீதம் பேருக்குத்தான். பெரிய வித்தியாசம்தான். ஆனால் அது கண் சிமிட்டும் பொம்மை அல்ல. இடுப்புப் பகுதியும் ஒரு குழந்தையும் விசைமானியும் மட்டுமே. கை எதை உணர வேண்டுமோ அந்த ஒன்று சரியாக இருந்தால் போதும். மற்ற வித்தையெல்லாம் விலைப்பட்டியலைத்தான் நீட்டும்.

அதே ஆய்வுத் திட்டத்தில் பிரசவ கால வலிப்பையும் சோதித்தார்கள். அங்கே மையத்துக்குப் போய்ப் பழகியவர்களும் சொந்த மருத்துவமனையிலேயே பழகியவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு முன்னேறினார்கள். பயணமும் விடுப்பும் கட்டடமும் சேர்த்துச் செலவு பார்க்கிறவர் இந்த முடிவைத் தாண்டிப் போகக் கூடாது.

சொந்த வார்டு

வலிப்பையே எடுத்துக்கொள்வோம். கொடுக்க வேண்டியது மக்னீசியம் சல்பேட். தேர்வில் கேட்டால் எல்லோரும் எழுதிவிடுவார்கள். இந்தியாவில் பரவலாகப் பின்பற்றப்படும் பிரிட்சார்ட் முறையில் தொடக்க அளவு 14 கிராம்: ரத்தக்குழாயில் 4, இரண்டு பிட்டத்திலும் ஐந்தைந்து. நம் ஊரில் கிடைப்பது 50 சதவீத மருந்து, 2 மில்லி ஆம்பியூலில் (சிறு கண்ணாடிக் குப்பியில்) 1 கிராம். ஆக, ஒரு பெண் கட்டிலில் துடித்துக்கொண்டிருக்கும்போது யாரோ 14 ஆம்பியூல் உடைக்க வேண்டும். ரத்தக்குழாயில் போகும் 4 கிராமுக்கு 8 மில்லி மருந்தோடு 12 மில்லி டிஸ்டில்டு வாட்டர் கலக்க வேண்டும். 20 மில்லி சிரிஞ்ச் எங்கே? டிராயரில் 14 ஆம்பியூல் இருக்கிறதா, ஆறுதானா? மீதி ஃபார்மசியில் என்றால் ராத்திரி இரண்டு மணிக்கு அந்தச் சாவி யாரிடம்? ஒருவர் உடைக்க, ஒருவர் கலக்க, ஒருவர் நோயாளியை ஒருக்களித்துப் பிடிக்க, நான்காவது ஆள் யார்?

பெரிய மையத்தில் இந்தக் கேள்விகள் வரவே வராது. அங்கே தட்டில் எல்லாம் எடுத்து வைத்திருப்பார்கள். சொந்த வார்டில், சொந்த அலமாரியில், அன்று டூட்டியில் இருக்கும் ஆட்களோடு ஒத்திகை பார்த்தால் முதல் ஐந்து நிமிடத்திலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். மருந்து, சிரிஞ்ச், அளவு எழுதிய அட்டை எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு வார்டில் தயாராக வைக்கும் வழக்கம் இப்படிப்பட்ட ஒத்திகைகளால் பல இடங்களில் வந்தது.

டென்மார்க்கின் கோபன்ஹேகனில் நடந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வு இதை நேராகவே ஒப்பிட்டது. பிரசவப் பிரிவு ஊழியர் 100 பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு பாதி உண்மையான வார்டில் பழகியது, மறு பாதி தனி அறையில். அறிவு, மனப்பாங்கு, மன அழுத்தம், குழுவாக இயங்குவது என எதிலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஒன்றில் மட்டும் இருந்தது: "இங்கே இதை மாற்றலாம்" என்ற யோசனைகள் வார்டில் பழகியவர்களிடமிருந்து அதிகம் வந்தன. எனக்கு இந்த ஒரு வித்தியாசமே போதும். ஆட்கள் கற்றது சமம் என்றால், வார்டும் சேர்ந்து திருந்தும் வழியைத்தான் நான் எடுப்பேன்.

நோயாளிகளின் கணக்கு இங்கிலாந்தின் பிரிஸ்டலில் இருக்கிறது. சவுத்மீட் மருத்துவமனையில் 2000இல் தொடங்கி, பிரசவப் பிரிவின் எல்லா ஊழியரும், டாக்டர் நர்ஸ் பேதமில்லாமல், ஆண்டுக்கு ஒரு நாள் ஒன்றாகப் பழகினார்கள். டிம் டிரேகாட் என்ற மகப்பேறு மருத்துவரும் அவர் குழுவும் வெளியிட்ட கணக்குப்படி, ஆக்சிஜன் குறைந்து மூளை பாதித்த குழந்தைகள் 10,000 பிறப்புக்கு 27.3 என்பதிலிருந்து 13.6 ஆகக் குறைந்தார்கள். தோள் மாட்டிய பிரசவங்களில் காயப்பட்ட குழந்தைகள் 9.3 சதவீதத்திலிருந்து 2.3 சதவீதம். பயிற்சி தொடங்கி 12 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, நிரந்தரமாகக் கை செயலிழந்த குழந்தை ஒன்றுகூட இல்லை.

ஒன்றாகப் பழகுவதில் இன்னொரு லாபம் இருக்கிறது. ரத்தம் அளவுக்கு மீறிப் போகிறது என்பதைப் பெரும்பாலும் முதலில் பார்ப்பவர் ஸ்டாஃப் நர்ஸ். "மேடம், இது அதிகம், ரத்தம் ஏற்பாடு பண்ணச் சொல்லட்டுமா?" என்று சீனியர் டாக்டரிடம் சத்தமாகக் கேட்க அவருக்குப் பழக்கம் வேண்டும். கேட்டால் கோபப்படாமல் பதில் சொல்ல டாக்டருக்கும் பழக்கம் வேண்டும். நர்ஸுகளுக்குத் தனி வகுப்பு, டாக்டர்களுக்குத் தனி வகுப்பு என்று வைத்தால் இரண்டும் வராது.

சரி, வார்டு ஒத்திகையில் தொல்லையே இல்லையா? இருக்கிறது. உண்மையான நோயாளி வந்துவிட்டால் ஒத்திகை ரத்து. கூட்டம் அதிகமான வார்டில் மாதக்கணக்கில் ரத்தாகிக்கொண்டே போகும், பயிற்சி அதிகம் தேவைப்படுவதும் அந்த வார்டுக்குத்தான். அதைவிட ஆபத்து, ஒத்திகைக்கு நிரப்பிய சிரிஞ்ச் உண்மையான தட்டில் தங்கிவிடுவது. "பயிற்சிக்கு மட்டும்" என்று ஒட்டி, முடிந்ததும் எண்ணி எடுக்க ஒருவரைப் பொறுப்பாக்காமல் இதைத் தொடங்கவே கூடாது.

வாரம் ஐந்து நிமிடம்

மூன்றாவது வழியில் மேனிகின் என்பது தண்ணீர் ஊற்றி நிரப்பும் குழந்தைப் பொம்மை. நார்வேயின் லேர்டால் நிறுவனம் செய்த நியோநாட்டலி அது. பிறந்த குழந்தையின் எடை இருக்கும், பல்பை அமுக்கினால் அழும், தொப்புள் கொடியில் துடிப்பு தெரியும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2010இல் தொடங்கிய 'ஹெல்பிங் பேபீஸ் பிரீத்' பயிற்சி இதை வைத்துத்தான் நடக்கிறது. பிறந்து அழாத குழந்தையைத் துடைத்து, தூண்டி, தேவைப்பட்டால் ஒரு நிமிடத்துக்குள் ஆம்பு பேக் (கையால் அமுக்கிக் காற்று செலுத்தும் பை) பிடித்து மூச்சு கொடுக்கப் பழக வேண்டும். பெரிய மேனிகினுக்குப் பல லட்சம் என்றால் இதற்குச் சில ஆயிரம்.

இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் பிடித்த கதை தான்சானியாவின் ஹைடம் என்ற கிராமப்புற மருத்துவமனையில் நடந்தது. 2010இல் அங்கே ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். ஏழு மாதம் கழித்துப் பொம்மையில் சோதித்தால் ஊழியர்கள் முன்பைவிட நன்றாகச் செய்தார்கள். பிரசவ அறையிலோ எதுவும் மாறவில்லை. கை பழைய வழக்கப்படியே போயிற்று, இறப்பும் குறையவில்லை. அங்கேயே நிறுத்தியிருந்தால் "பயிற்சி வெற்றி" என்று ஓர் அறிக்கை எழுதி முடித்திருக்கலாம், ஏனென்றால் தேர்வில் எல்லோரும் பாஸ்!

அவர்கள் நிறுத்தவில்லை. 2011இலிருந்து பொம்மையைப் பிரசவ அறைக்குப் பக்கத்திலேயே வைத்து, உள்ளூர் ஆட்களையே பயிற்சியாளராக்கி, வாரம் மூன்று முதல் ஐந்து நிமிடம், மாதம் ஒரு முறை கொஞ்சம் நீண்ட பயிற்சி என்று மாற்றினார்கள். பொம்மை அதே, பாடமும் அதே. பிறந்த 24 மணி நேரத்துக்குள் இறக்கும் குழந்தைகள் 1,000க்கு 11.1 என்பதிலிருந்து 7.2 ஆனார்கள்.

இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். ஒரு கை, ஒரு குழந்தை, ஒரு நிமிடம் என்று அடங்கும் வேலைக்கு இது அருமை. எட்டுப் பேர் ஓடி வந்து, ரத்த வங்கி, ஆபரேஷன் தியேட்டர் என்று நீளும் ரத்தப்போக்குக்கு ஐந்து நிமிடம் பத்தாது. அதற்கு வார்டு ஒத்திகைதான்.

தலையில் மாட்டிக்கொண்டால் கணினி காட்டும் வார்டுக்குள் நிற்பதுபோல் தெரியும் விஆர் கருவியையும் இப்போது விற்பனையாளர்கள் கொண்டுவருகிறார்கள். எதற்குப் பின் எது என்று வரிசையைப் பழக உதவும். வழுக்கும் குழந்தையின் எடையை அது கைக்குத் தராது, பக்கத்தில் நிற்பவரிடம் பேசவும் பழக்காது. இந்தப் பட்டியலில் இப்போதைக்கு எனக்கு அது கடைசி.

யாருமே பார்த்திராத நோய் என்றால்

இதுவரை வார்டின் பக்கமே சாய்ந்து வந்தேன். ஆனால் இதுவரை பார்த்ததெல்லாம் அரிதானவை, தெரியாதவை அல்ல. ஊருக்கே புதிய ஆபத்து என்றால் தீர்ப்பு மாறும்.

2014 அக்டோபரில் டெக்சாஸில் எபோலா நோயாளி ஒருவரைக் கவனித்த நர்ஸுகள் இருவருக்கு அந்த நோய் தொற்றியது. நவீன மருத்துவமனை, கருவிகளுக்குக் குறைவில்லை. எபோலாவில் முகமூடி, கையுறை, அங்கி போடுவதைவிடக் கழற்றுவதே ஆபத்து. வெளிப்பக்கம் முழுக்கக் கிருமி இருக்கும், வரிசை தப்பினால் தோலில் படும். கழற்றும்போது ஒவ்வொரு படியையும் பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அந்த மாதமே வழிமுறையை இறுக்கியது.

அதே சமயத்தில், எபோலா பரவிக்கொண்டிருந்த மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் சிகிச்சை தரப் போகிறவர்களுக்காக அலபாமாவின் ஆனிஸ்டனில் மூன்று நாள் பயிற்சி தொடங்கியது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் பயிற்சியைப் பார்த்து அமைத்தது. எபோலா சிகிச்சைக் கூடம் ஒன்றை மாதிரியாகவே கட்டி, எந்தப் பக்கம் நுழைவது, எந்தப் பக்கம் வெளியேறுவது, எங்கே குளோரின் தண்ணீர் என்று நடந்து நடந்து பழகவைத்தார்கள். இதை ஒருவருடைய சொந்த வார்டில் செய்ய முடியாது, ஏனென்றால் அவர் போகப்போகும் இடம் அந்த வார்டு மாதிரி இருக்காது. அங்கே அவர் கெட்ட பழக்கமாக எடுத்துப் போகக்கூடியதே வார்டில் ஊறிய கை வழக்கங்கள்தான்: வியர்வையைத் துடைக்கக் கை முகத்துக்குப் போவது, விழும் பொருளைத் தாவிப் பிடிப்பது. அவற்றை உதிர்க்க வார்டை விட்டு வெளியே வரத்தான் வேண்டும். வெளியே ஒரு மையம் கட்டுவதற்கு நான் ஒப்புக்கொள்ளும் ஒரே வலுவான காரணம் இது.

பணம் என் கையில் இருந்தால், முதலில் லேபர் வார்டுக்கு வெளியே ஒரு மேசை, அதில் தண்ணீர்ப் பொம்மை, ஆம்பு பேக். அடுத்து விசைமானி உள்ள இடுப்பு மாதிரி. அப்புறம் ஒத்திகையை நடத்தவும் முடிந்ததும் பேசவும் தெரிந்த இரண்டு மூன்று நர்ஸுகளுக்கும் டாக்டர்களுக்கும் பயிற்சி. முழு உடல் மேனிகினை மாநிலத்துக்குச் சில இடங்களில் வைத்துப் பகிர்ந்துகொள்ளலாம்.

இந்தப் பட்டியலைச் சுற்றறிக்கையாக அனுப்பினாலே பலன் வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் ஸ்காட்லாந்தைப் பார்க்க வேண்டும். பிரிஸ்டல் பயிற்சியை அங்கே 12 பிரசவப் பிரிவுகளுக்குக் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒரு குழு வந்து கற்றுப் போய், தன் ஊரில் நடத்த வேண்டும். 2020இல் வந்த முடிவில், பிறந்து ஐந்து நிமிடத்தில் துவண்டிருந்த குழந்தைகளின் விகிதத்தில் அந்தப் பயிற்சி எந்த மாற்றமும் கொண்டுவரவில்லை. பாடத்தையும் பொம்மையையும் பெட்டியில் கட்டி அனுப்பிவிடலாம். பிரிஸ்டலில் இருந்தது வருடம் தவறாமல் எல்லோரையும், விதிவிலக்கே இல்லாமல், ஒரு நாள் வேலையிலிருந்து விடுவித்த நிர்வாகம். நம் ஊர் லேபர் வார்டில் அந்த ஒரு நாள் டூட்டியை யார் பார்ப்பது என்பதை, பொம்மைக்கு டெண்டர் விடுவதற்கு முன்னால் எழுதி வாங்க வேண்டும்.