உறுமிச் சத்தத்தை வலையில் விற்றுப் பார்த்தேன்: பேண்ட்கேம்ப், 22 மாதம் கழித்து

முதலிலேயே கணக்கைச் சொல்லிவிடுகிறேன், மேலே படிப்பதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். பேண்ட்கேம்ப் என்ற, இசை விற்கும் இணையதளத்தில் ஐந்து டிராக் கொண்ட ஓர் ஆல்பம் போட்டு 22 மாதம் ஆகிறது. 61 பேர் வாங்கியிருக்கிறார்கள். எல்லாப் பிடித்தமும் போக என் கணக்கில் விழுந்தது 26,000 ரூபாய் சொச்சம். போன ஆடியில் மட்டும் பதிமூன்று மேடையில் கீபோர்டு வாசித்தேன், மேடைக்கு 2,000 வீதம் அதுவும் 26,000. ஆக, உலகம் பூராவும் ராப்பகலாகத் திறந்திருக்கும் கடை இரண்டு வருஷத்தில் கொடுத்ததை, சேலத்து மாரியம்மன்கள் ஒரே மாதத்தில் கொடுத்துவிட்டார்கள்.

அதற்காகத் தண்டம் என்று சொல்ல மாட்டேன். அதே ஐந்து டிராக்கும் ஸ்ட்ரீமிங் ஆப்களிலும் இருக்கின்றன. அங்கே எல்லாம் சேர்த்து 38,000 தடவை ஓடியிருக்கிறது, வந்தது 2,300 ரூபாய். 38,000 தடவை காது கொடுத்ததாகக் கணக்கு, தட்டுவடை செட் சாப்பிட்டே தீர்த்துவிடலாம் அந்தக் காசை. 61 பேர் எங்கே, 38,000 எங்கே என்று பார்த்தபிறகுதான் இந்த மதிப்புரையை எழுத வேண்டும் என்றே தோன்றியது.

என்ன ஆல்பம் என்று சொல்லவில்லையே. ஆர்க்கெஸ்ட்ராவில் பத்து வருஷமாக அடுத்தவர் பாட்டையே வாசித்து வாசித்து, நமக்கென்று ஒன்று செய்தால் என்ன என்ற ஆசை. எங்கள் குழுவில் உறுமி வாசிக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார், அம்மாப்பேட்டைக்காரர், வயது ஐம்பத்தைந்துக்கு மேல். அவர் உறுமி, இன்னொரு அண்ணனின் பம்பை, என் கீபோர்டு, கூடவே ஏற்காட்டு மழை. இவ்வளவுதான் ஆல்பம். பாட்டு கிடையாது, வார்த்தை கிடையாது. முதல் தடவை சொன்னபோது அண்ணன் சிரித்தார். "தம்பி, சாமி ஆடுறவங்களே இல்லாம உறுமிய யாரு காசு குடுத்துக் கேக்கப் போறாங்க?" நியாயமான கேள்விதான்.

முதலில் வீட்டு மாடியில் செல்போனில் பதிவு செய்து பார்த்தோம். உறுமியைத் தெரியும்தானே, ஒரு முகத்தில் அடிப்பது, இன்னொரு முகத்தில் வளைந்த குச்சியை வைத்துத் தேய்ப்பது, அந்தத் தேய்ப்பில்தான் அந்த உறுமல் வரும். போட்டுக் கேட்டால் அடி மட்டும் இருக்கிறது, உறுமலைக் காணோம்! போன் அதை இரைச்சல் என்று நினைத்து வடிகட்டிவிட்டிருக்கிறது. ஃபேன் சத்தத்தையும் பஸ் சத்தத்தையும் எடுக்கிற அதே வேலையை எங்கள் குலச்சத்தத்துக்கும் செய்துவிட்டது. அப்புறம் நண்பர் ஒருவரிடம் கையடக்க ரிக்கார்டர் இரவல் வாங்கி, ஐப்பசியில் ஏற்காடு ஏறினோம். இருபது கொண்டை ஊசி வளைவிலும் அண்ணன் உறுமியைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தார். மேலே ஒரு காபித் தோட்டத்து வீடு, தகரக் கூரை. போன நேரம் பனி இறங்கித் தோல் தொய்ந்துபோய், தட்டினால் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி கேட்டது. அடுப்படியில் விறகுத் தணலில் காட்டிக் காட்டி, காதை வைத்துத் தட்டிப் பார்த்து, மறுபடி காட்டி, ஒரு மணி நேரம் போனது. அவர் கடைசியாக "ம், இப்ப பேசுது" என்று சொன்ன அதே நேரத்தில் கூரையில் மழை விழ ஆரம்பித்தது. மூன்றாவது டிராக்கின் தொடக்கத்தில் அந்த "இப்ப பேசுது" அப்படியே இருக்கிறது, நான் வெட்டவில்லை.

சரி, கடைக்கு வருவோம். பேண்ட்கேம்ப் 2008ல் அமெரிக்காவில் திறந்த தளம். ஸ்ட்ரீமிங் ஆப் மாதிரி மாதச் சந்தா வாங்கி எல்லோருக்கும் பங்கு பிரிப்பதில்லை. நாம் ஆல்பத்தை ஏற்றி விலை போடுகிறோம், பிடித்தவர் காசு கொடுத்து வாங்கி ஃபைலையே இறக்கிக்கொள்கிறார், எம்பி3 வேண்டுமா, தரம் குறையாத ஃபிளாக் வேண்டுமா, அது அவர் இஷ்டம். கணக்குத் தொடங்கக் காசு கேட்பதில்லை. விற்றால்தான் அவர்களுக்குப் பங்கு: டிஜிட்டலுக்கு 15 சதவீதம், சிடி, டீ ஷர்ட் போன்ற பொருளுக்கு 10 சதவீதம். பன்னிரண்டு மாதத்தில் 5,000 டாலருக்கு விற்பவர்களுக்கு டிஜிட்டல் பங்கும் 10 ஆகக் குறையும், அது எனக்கு இந்த ஜென்மத்தில் இல்லை. இதற்கு மேல் பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. எல்லாம் போக சராசரியாக 82 சதவீதம் கலைஞர் கைக்குப் போகிறது என்று அவர்களே சொல்கிறார்கள், என் கணக்கும் அதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. ஆனால் விலையை ஒரு டாலர், இரண்டு டாலர் என்று வைத்துவிடாதீர்கள், சின்னத் தொகையில் கட்டணம் அதிகமாகக் கடிக்கும். நான் ஆல்பத்துக்கு 5 டாலர் என்று வைத்தேன்.

அந்த 5 டாலர் குறைந்தபட்ச விலை மட்டும்தான், வாங்குபவர் விரும்பினால் மேலே எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொடுக்கலாம். ஆரம்பத்தில் இதைப் பார்த்து, நம்மூரில் பேரம் பேசிக் குறைப்பார்களே தவிர ஏற்றிக் கொடுப்பார்களா என்று நினைத்தேன். முதல் விற்பனையே ஒரு ஜெர்மன்காரர், நான் வைத்த விலையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். கூட ஒரு வரி எழுதியிருந்தார்: அங்கே முனகுவது மிருகமா, கருவியா? அதை அண்ணனிடம் தமிழில் படித்துக் காட்டினேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு "ரெண்டுந்தான்னு எழுது" என்றார். எழுதினேன்.

ஏற்றும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எம்பி3 ஏற்க மாட்டார்கள், வேவ், ஃபிளாக் மாதிரி தரம் குறையாத ஃபைல்தான் வேண்டும். புதுக் கணக்குக்கு ஒரு டிராக் 291 எம்பி வரை. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ என்ற தரத்தில் பதிவு செய்தால் ஏறக்குறைய 16 நிமிடம் வரை தாங்கும். எங்கள் நீளமான டிராக் 12 நிமிடம், 200 எம்பியைத் தாண்டிவிட்டது. மலையில் உட்கார்ந்து ஏற்றலாம் என்று பார்த்து, சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கவே கீழே இறங்கி, சேலம் அஞ்சு ரோட்டில் நண்பர் கடை வைஃபையில் முடித்தேன். தளம் எளிமைதான். பக்கம் அமைப்பு, அட்டைப்படம், விலை எல்லாம் ஒரே சாயங்காலத்தில் முடிந்தது. பத்து டாலர் மாதச் சந்தாவில் இன்னொரு வகைக் கணக்கும் இருக்கிறது, நம் அளவுக்கு அது தேவையே இல்லை.

பணம் வருகிற வழிதான் நம் ஊர்க்காரனுக்குச் சிக்கல். நான் தொடங்கியபோது பேபால் என்ற இணையப் பணச் சேவையில் கணக்கு கேட்டார்கள். பேபால் இந்தியாவில் 2021 ஏப்ரல் 1 முதல் உள்நாட்டுப் பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது, வெளிநாட்டிலிருந்து வருவது மட்டும்தான். அதன் அர்த்தம் என்னவென்றால், ஜெர்மன்காரர் என்னிடம் வாங்கலாம், இங்கே சேலத்தில் குகைப் பகுதியில் இருக்கிற என் அத்தை மகன் வாங்க முடியாது. யூபிஐ கிடையாது. பூக்காரம்மா வரைக்கும் கியூஆர் அட்டை வைத்திருக்கிற ஊரில், என் பாட்டை என் ஊர்க்காரர் வாங்க வழியில்லாத ஒரு கடை. இதற்கு நான் கண்டுபிடித்த சுற்றுவழி, டவுன்லோடு கோடு. பேண்ட்கேம்பில் ஆல்பத்துக்கு நாமே கோடு உருவாக்கிக்கொள்ளலாம். உள்ளூர்க்காரர் எனக்கு ஜிபேயில் 150 ரூபாய் போடுவார், நான் வாட்ஸப்பில் கோடு அனுப்புவேன், அவர் அதைத் தளத்தில் போட்டு இறக்கிக்கொள்வார். இப்படி ஒரு 40 போயிருக்கும், அது மேலே சொன்ன 61ல் சேராது. அந்தக் காசில் பிடித்தம் எதுவும் போவதில்லை என்பது ஒரு பக்கம், ஒவ்வொருவருக்கும் "கோடு எங்க போடணும் பாஸ்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வது இன்னொரு பக்கம்.

டவுன்லோடு கோடுகளைச் சீட்டில் அச்சடித்துக் கச்சேரியில் கொடுத்தும் பார்த்தேன். 50 சீட்டு. கோட்டை மாரியம்மன் பண்டிகை நேரம், கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும். மறுவாரம் பார்த்தால் நாலே நாலு பேர்தான் இறக்கியிருந்தார்கள். பாக்கிச் சீட்டில் எத்தனை பேர் சுண்டல் சாப்பிட்டார்களோ.

ஸ்ட்ரீமிங் பக்கம் ஏன் இவ்வளவு மோசம் என்று கேட்பவர்களுக்கு. ஒரு பாட்டு ஒரு தடவை ஓடினால் இவ்வளவு என்று அங்கே நிலையான விலை கிடையாது. மொத்தமாக வருகிற காசில், மொத்தமாக ஓடியதில் நம்முடையது எத்தனை பங்கோ அத்தனை பங்கு. ஸ்பாடிஃபை ஆப்பில் 2024லிருந்து இன்னொரு விதி, ஒரு டிராக் முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 1,000 தடவையாவது ஓடியிருந்தால்தான் அதற்குக் காசு. என் ஐந்தில் இரண்டு அந்த எல்லைக்குக் கீழேதான் கிடக்கின்றன. அவசரப்பட்டு நான் ஒரு முட்டாள்தனமும் செய்தேன். "பிளேலிஸ்ட்டில் சேர்த்து 50,000 ஓட வைக்கிறேன்" என்று ஒருவர் சொன்னார், 3,500 ரூபாய் கொடுத்தேன். இரண்டே வாரத்தில் எங்கோ ஒரு நாட்டில் ராத்திரி மூன்று மணிக்கு என் உறுமியை ஆயிரக்கணக்கானோர் கேட்டதாகக் காட்டியது. அதற்கடுத்த வாரம், செயற்கையாக ஓட்டியிருக்கிறார்கள் என்று சொல்லி அந்த டிராக்கையே எடுத்துவிட்டார்கள். நடுவில் இருந்து பாட்டை ஆப்களில் ஏற்றிக் கொடுக்கும் விநியோக நிறுவனத்துக்கு ஆறு மெயில் போட்டேன், ஆறுக்கும் ஒரே பதில், எழுத்துப்பிழை உட்பட. பெயர் வேண்டாம். ஆசைப்பட்டது நான்தான். திரும்ப வேறு வழியாக ஏற்றி, ஓடிய எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்கியது.

பேண்ட்கேம்பில் இந்த வம்பு இல்லை, ஏனென்றால் எத்தனை தடவை ஓடியது என்ற எண்ணிக்கையைக் கேட்பவர்களுக்குக் காட்டுவதே இல்லை, வாங்கினால் வாங்கினார். ஆனால் அங்கே கூட்டமும் தானாக வராது. கடை கொடுப்பார்கள், தெருவைக் கொடுக்க மாட்டார்கள். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மூலையில் கடை போட்டாலும் போகிற வருகிற நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள், இங்கே நீங்கள் கூட்டிக்கொண்டு வந்தால்தான் உண்டு. என் 61ல் பாதிக்கு மேல் ஒரே ஒரு விஷயத்தால் வந்தது. அண்ணன் தணலில் தோல் காய்ச்சுகிற ஒரு நிமிட வீடியோ, அதைப் பகிர்ந்த யாரோ ஒரு மேளக் கலைஞர், அவரைப் பின்தொடரும் வெளிநாட்டுக்காரர்கள். ஆல்பத்துக்கு நான் செய்த பகட்டான விளம்பரம் எதுவும் ஒரு காசு கொண்டுவரவில்லை.

பேண்ட்கேம்ப் ஃபிரைடே என்று ஒன்று இருக்கிறது, கொரோனா காலத்தில் 2020 மார்ச்சில் தொடங்கியது. குறிப்பிட்ட சில வெள்ளிக்கிழமைகளில் தளம் தன் பங்கை எடுத்துக்கொள்ளாது. வாங்குகிறவர்களும் அந்த நாளுக்காகக் காத்திருப்பார்கள் என்பதால் முந்தின நாளே ஒரு செய்தி அனுப்பிவிட வேண்டும். என் விற்பனையில் 19 அப்படி வந்தவை. வெள்ளிக்கிழமை மாரியம்மனுக்கும் நல்ல நாள், பேண்ட்கேம்புக்கும் நல்ல நாள், எனக்கு ஒரே குழப்பம் மேடையில் இருக்கும்போது போனைப் பார்ப்பதா வேண்டாமா என்பதுதான்.

ஒரு பயம் உண்டு. இந்தக் கடையே இரண்டு தடவை கைமாறிவிட்டது. 2022ல் எபிக் கேம்ஸ் என்ற வீடியோ கேம் கம்பெனி வாங்கியது, அடுத்த வருஷமே சாங்டிராடர் என்ற நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டார்கள், அப்போது ஊழியர்களில் பாதிப் பேருக்கு வேலை போனது. நாளைக்கு யார் கையில் இருக்கும், பங்கு 15தான் இருக்குமா, யாருக்குத் தெரியும். அதனால் வாங்கியவர்களில் தொடர்பு வைத்துக்கொள்ளச் சம்மதித்தவர்களின் மெயில் முகவரியை மாதாமாதம் இறக்கி என் பென் டிரைவில் வைத்துக்கொள்கிறேன். ஸ்ட்ரீமிங் ஆப்பில் இது கிடைக்காது, 38,000 தடவை கேட்டவர்களில் ஒருவர் யார் என்றுகூட எனக்குத் தெரியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே பேண்ட்கேம்பை வைத்திருப்பேன்.

ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவின் நுழைவாயில் வளைவைத் தாண்டும்போதெல்லாம் ஒரு நினைப்பு வரும். டி.ஆர்.சுந்தரம் 1930களில் தொடங்கி, நூற்றுக்கு மேல் படம் எடுத்த இடம், நடிக்கிறவர்களுக்கும் எழுதுகிறவர்களுக்கும் மாதச் சம்பளம் கொடுத்த இடம். இப்போது நானே முதலாளி, நானே ரிக்கார்டிஸ்ட், நானே வசூல் கணக்குப்பிள்ளை, சம்பளம் மட்டும் யாரும் கொடுப்பதில்லை.

காசு பிரிப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கூட்டாகச் செய்பவர்கள் இதில்தான் சண்டை போடுவார்கள். பதிவன்று இரண்டு அண்ணன்களுக்கும் ஆளுக்கு 2,000 கொடுத்தேன், அதுபோக வருவதில் ஆளுக்குக் கால் பங்கு என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு. போன தடவை உறுமி அண்ணனுக்கு 840 ரூபாய் ஜிபேயில் போட்டேன். அரை மணி நேரத்தில் போன். "என்ன தம்பி இது, எந்தக் கோயில் காசு?"

பேண்ட்கேம்புக்கு அஞ்சுக்கு மூன்றரை மதிப்பெண் கொடுப்பேன். யூபிஐ வந்தால் நாலரை. இதை நம்பி மேடையை விட்டுவிட நினைப்பவர்கள் என் முதல் பத்தியை இன்னொரு தடவை படியுங்கள். கோடு வேண்டும் என்பவர்கள் ஆடி முடிந்தபின் கேளுங்கள், அதுவரை ராத்திரியில் போன் எடுக்க மாட்டேன்.