முட்டை ஆமைக்கு மண் பெட்டியா, வளவா, வைத்தியரா?

தொட்டியில் அமைதியாக இருந்த பெண் ஆமை திடீரென்று தீனியை ஒதுக்கிவிட்டு, மூலைக்கு மூலை நீந்தி, கண்ணாடியைப் பிறாண்டத் தொடங்கினால், முட்டை போடப் போகிறது என்று ஊகித்து வீட்டில் ஆளுக்கொரு யோசனை வரும். "விடுங்கோ, தண்ணிக்குள்ளேயே போட்டிடும்" என்பார் ஒருவர். "வளவுக்குள்ள விடுவம், தானாத் தோண்டும்" என்பார் இன்னொருவர். "முதல்ல டொக்டரிட்டக் காட்டுங்கோ" என்பது மூன்றாவது குரல். வீட்டுக்குள்ளேயே மண் பெட்டி வைப்பது நான்காவது வழி, அது பலருக்குத் தோன்றுவதே இல்லை. இந்த நாலையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் நிறுப்பேன்: எங்கள் ஊகம் பிழைத்தால் ஆமைக்கு என்ன நட்டம்?

முதலில் ஆமை எது என்று பாருங்கள். திருகோணமலையில் மீன் தொட்டிக் கடைகளில் வாங்கி வளர்ப்பது பெரும்பாலும் கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு உள்ள அமெரிக்க ஆமை. இங்கே எழுதுவது அதைப் பற்றித்தான். குளத்தில் பிடித்த கல் ஆமையோ பால் ஆமையோ என்றால் கதை வேறு. 1937ஆம் ஆண்டின் வன சீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி அவற்றை வீட்டில் வைத்திருக்கவே கூடாது. வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிப்பதுதான் வழி.

ஆண் துணை இல்லாததால் முட்டை இருக்காது என்று நினைக்க வேண்டாம். தனியாக வளரும் பெண்ணும் கருக்கட்டாத முட்டை இடும், கோழியைப் போலத்தான். முன்பு எப்போதோ ஆணோடு இருந்திருந்தால், அந்த விந்தை உடம்பில் சேமித்து வைத்துப் பல மாதங்கள் கழித்தும் கருவுள்ள முட்டை இடக்கூடும். வயதைவிட உடம்பின் அளவுதான் கணக்கு. ஓடு 15 சென்ரிமீற்றரைத் தாண்டிவிட்டால் சந்தேகிக்கலாம்.

ஆனால் ஓடித்திரிவதெல்லாம் முட்டைக்காக அல்ல. கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் மத்தியானத்தில் தொட்டித் தண்ணீரில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் எந்த ஆமையும் வெளியேறத்தான் பார்க்கும். தண்ணீர் நாறினாலும், தொட்டி சிறுத்துவிட்டாலும் அப்படித்தான். முட்டைக்கான அடையாளம் பின்னங்காலில் இருக்கிறது: கரைக்கு வந்து, உடம்பை நிறுத்தி வைத்துக்கொண்டு, பின்னங்கால்களை மாறி மாறித் தோண்டுவதுபோல் அசைக்கும். பின்னங்காலுக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் விரல் வைத்துத் தடவிப் பார்க்கச் சிலர் சொல்வார்கள். தட்டுப்படவில்லை என்பதால் முட்டை இல்லை என்று ஆகாது. அழுத்தினால் உள்ளேயே உடைந்து, மஞ்சட்கரு வயிற்றுக்குள் பரவிப் பெரிய நோயாகலாம். நான் அந்தச் சோதனைக்கு ஆளில்லை.

இனி வழிகள். சும்மா விடுவது செலவில்லாதது, அதனாலேயே எல்லாருக்கும் பிடித்தது. சில ஆமைகள் தண்ணீரிலேயே இட்டுவிடும் என்பதும் உண்மைதான். ஆனால் தோண்ட இடம் கிடைக்காத ஆமை அடக்கி வைத்துக்கொள்ளும். அப்படி அடக்குவதே முட்டை சிக்கிக்கொள்வதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. தண்ணீரில் ஒன்றிரண்டு விழுந்ததைக் கண்டு நாங்கள் நிம்மதியாகிவிடுவோம், மிச்சம் உள்ளேயே இருக்கும். ஊகம் சரியென்றால் இந்த வழியில்தான் நட்டம் கூட.

மண் பெட்டிக்கு வருவோம். மீன் வியாபாரிகள் ஐஸ் போட்டுக் கொண்டுபோகும் ரெஜிபோம் பெட்டி ஆழத்துக்குப் பொருத்தம்தான், ஆனால் ஆமை அதைக் கடித்து விழுங்கும். பெரிய பிளாஸ்ரிக் பெட்டியே நல்லது, ஆமையின் நீளத்தைப் போல நாலைந்து மடங்கு நீளமாக. மண் ஆழம் ஒரு அடிக்குக் குறையக்கூடாது. கடற்கரை மணல் வேண்டாம், உப்பு இருக்கும், தோண்டத் தோண்டச் சரியும். கட்டட வேலைக்கு இறக்கும் ஆற்று மணலை அரித்து, பாதிக்குத் தோட்ட மண் கலந்து, தண்ணீர் தெளியுங்கள். கையில் பிடித்தால் பிடி உடையாமல் நிற்க வேண்டும், விரலிடுக்கால் தண்ணீர் வழியக் கூடாது. ஒரு பக்கத்தைத் துணியால் மூடி இருட்டாக்கி, ஆமையை உள்ளே விட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். எட்டி எட்டிப் பார்க்கும் பிள்ளைகள்தான் இந்த வழியின் எதிரி. பார்வை பட்டால் அரைவாசியில் விட்டுவிட்டு வந்துவிடும். சில மணி நேரம் கழித்தும் ஒன்றும் நடக்காவிட்டால் தண்ணீருக்கே திருப்பி, அடுத்த நாள் மறுபடி விடலாம்.

இடம் பிடித்துப்போனால் பார்க்கக் கூடிய காட்சி இது: முகத்தால் மண்ணை முகர்ந்துகொண்டு சுற்றிய ஆமை ஓரிடத்தில் நிற்கும். உடம்பில் தேக்கி வைத்த நீரை அந்த மண்ணில் விட்டு இளக்கும். பிறகு ஒரு பின்னங்கால் மண்ணை அள்ளி ஒதுக்க, மற்றது இறங்கும். அடி அகன்று வாய் குறுகிய குடுவை மாதிரி ஒரு குழி. முட்டை ஒவ்வொன்றாக விழும்போது பின்பாதம் அதைத் தாங்கி உள்ளே இறக்கும். கடைசியில் மூடி, வயிற்று ஓட்டால் அமுக்கிவிட்டுப் போய்விடும். இவ்வளவுக்கும் ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்காது.

வளவில் அடைப்புப் போடுவது இதே வேலையைப் பெரிதாகச் செய்வது. இடம் தாராளம், வெயிலும் கிடைக்கும். அந்த வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் கண்ணாடி வழியாக வராது. உடம்பு கல்சியத்தைப் பிடித்துக்கொள்ளவும், கருப்பை சுருங்கவும் அது வேண்டும். உப்புவெளி, அலஸ்தோட்டம் பக்கம் வளவு முழுக்க மணல்தான், முதல் நாள் பின்னேரமே நன்றாக நனைத்து வைத்தால் போதும். ஆனால் காகம், கீரி, உடும்பு, தெரு நாய் எல்லாம் இந்த ஊரின் குடிமக்கள். மேலே வலை இல்லாத அடைப்பு அடைப்பே இல்லை. பக்கத்துக்கு வலை வேண்டாம், பலகையோ கிடுகோ வையுங்கள், வெளியே தெரிந்தால் ஆமை தோண்டாமல் வலையோரமாகவே நடந்துகொண்டிருக்கும். பாதி நிழல், ஒரு பேசின் தண்ணீர், சிவப்பெறும்புப் புற்று இல்லாத மூலை. ஐப்பசி தொடங்கித் தை வரை மாரி மழையில் வளவு சேறாகிவிடும், அப்போது பெட்டியே வெல்லும். மற்ற மாதங்களில் வளவு உள்ளவர்களுக்கு என் ஓட்டு வளவுக்கே. மேல்மாடி வாடகை வீட்டுக்காரருக்குத் தெரிவே இல்லை.

இரண்டிலும் ஊகம் பிழைத்தால் நட்டம் ஒரு சாக்கு மணல் மட்டும்தான். அதனால்தான் எக்ஸ்ரேக்குக் காத்திராமல் மண்ணை முதலில் கொடுங்கள் என்கிறேன். கூடவே கல்சியத்துக்குக் கணவாய் ஓடு. கடற்கரையில் ஒதுங்கியதைப் பொறுக்கி, ஊறவைத்து உப்பை நீக்கி, அவித்துக் காயவைத்துத் தொட்டியில் மிதக்க விட்டால் வேண்டியபோது கடித்துக்கொள்ளும்.

வைத்தியரைப் பின்னுக்குத் தள்ளுகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓடு கட்டிய முட்டையை எக்ஸ்ரே எண்ணிக் காட்டும், அது எந்தத் தடவலுக்கும் கிட்டாது. சிக்கல் பயணத்தில். மிருக வைத்திய பீடம் உள்ள பேராதனைக்கு ஹபரணை, தம்புள்ளை, கண்டி வழியாக 180 கிலோமீற்றருக்கு மேல். இங்குள்ள மிருக வைத்தியர்கள் ஆமையைவிட மாட்டையும் நாயையும்தான் கூடக் கண்டிருப்பார்கள், முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவது நல்லது. கொண்டுபோகும்போது தண்ணீரில் வைக்காதீர்கள். காற்றோட்டமான பெட்டியில் ஈரத் துவாய் போதும், வெயில் படக்கூடாது.

ஒன்றில் மட்டும் பிடிவாதம். "ஒரு ஊசியைப் போட்டு விடுங்கோ டொக்டர்" என்று நெருக்காதீர்கள். முட்டைக்குழாயைச் சுருங்கவைத்து முட்டையை வெளியே தள்ளும் ஒக்சிரோசின் ஊசி ஆமைகளில் நன்றாக வேலை செய்கிறது, ஆனால் முட்டை அளவுக்கு மீறிப் பெரிதாகவோ கோணலாகவோ இருந்தால் அந்தச் சுருக்கமே முட்டைக்குழாயைக் கிழித்துவிடும். படம் முதல், ஊசி பிறகு. கல்சியம் குறைவென்றால் அதுவும் ஊசிக்கு முன்.

ஓடித்திரிந்த ஆமை சோர்ந்து படுத்தால், முக்கி முக்கி ஒன்றும் வராவிட்டால், பின்னங்கால் இழுபட்டால், வாலடியில் சதை வெளியே தள்ளினால் பெட்டியும் வேண்டாம், வளவும் வேண்டாம். அன்றைக்கே வைத்தியர்.

இட்ட முட்டையைப் பொரிக்க வைக்க வேண்டாம். இந்த இனம் உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் உள்ளது. குட்டிகள் வளர்ந்து கடைசியில் ஏதோ ஒரு குளத்தில்தான் விடப்படும், அங்கே எங்கள் கல் ஆமையின் பங்கைத் தின்னும். அன்றே எடுத்துப் பையில் சுற்றிக் குளிரூட்டியின் உறைபெட்டியில் வைத்துவிட்டுப் பிறகு புதைத்துவிடுங்கள், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். மண்ணைக் கொட்டிவிட வேண்டாம். ஒரே பருவத்தில் சில கிழமைகள் கழித்து இன்னொரு தொகுதியும் இடக்கூடும்.